அலுமாரிக்குப் போகாத போர்வைகள்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. போர்வைகளின் பின்பக்க மூலையில் தைத்தவர்களின் பெயரைச் சின்னதாக நூலால் எழுதலாம் என்று நாங்கள் கேட்ட நாளில், "குளிருக்கு ஆரும் பேர் பாத்தே போர்க்கினம்?" என்று ஒரே கேள்வியில் அந்தப் பேச்சை முடித்தவர் அவர். கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தாலும் அதில் உபயகாரர் பெயரை எழுதிப் பாதி வெளிச்சத்தை மறைத்துவிடுகிற சனம் நாங்கள். எங்களுக்கு அது கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து பெயர் இல்லை. ஆகவே இந்தக் குறிப்பிலும் யாருக்கும் பெயர் இல்லை. லவாலில் இருந்து வந்தவர் லவால்காரி. கர்க்லாண்டில் இருந்து வந்தவர் கர்க்லாண்ட்காரி. பெயர் வேண்டாம் என்றவரை எல்லோரும் அக்கா என்றோம். அவருக்கு ஆறு வயது மூத்த நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணை என்றார். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

மொன்றியல் நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் அக்கா குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் ஒரு பொது அறை இருந்தது. சனிக்கிழமைகளில் ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை அது எங்களுக்கு. எட்டுப் பெண்களும் நானும். பெண்களில் ஒருவர் என் மனைவி. நான் அவருக்குத் தையல் இயந்திரம் தூக்கிக்கொடுக்கப் போனவன். முதல் நாளே அக்கா என்னை ஒரு கதிரையில் இருத்தி, "சும்மா நிண்டு பாக்கிறதுக்கு இஞ்சை இடமில்லை அண்ணை. இருந்து தையுங்கோ" என்றார். அது ஒரு பங்குனி மாதம், மூன்றாவது சனிக்கிழமை, வெளியே உறைமழை. இருபத்திரண்டு ஆண்டுகள் மருந்துக் களஞ்சியத்தில் பெட்டிகளின் காலாவதித் திகதிகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன் நான். திகதி இல்லாத எதையும் எனக்கு நம்பத் தெரியாது. அதனால் அன்றே குறிப்பு எழுத ஒரு கொப்பியும் தொடங்கிவிட்டேன்.

நாங்கள் தைத்தவை துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, கீழே இன்னொரு துணி கொடுத்து மூன்றையும் சேர்த்துத் தைக்கிற தடித்த போர்வைகள். இங்கே கில்ட் என்பார்கள். முடிந்தவை எல்லாம் புதிதாக நாட்டுக்கு வந்து இறங்குகிறவர்கள் தங்கும் விடுதி ஒன்றுக்குப் போகும்.

அக்கா குளிர்ச்சட்டை தைக்கும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவர். "பத்தொன்பது வரியமும் இடப்பக்கப் பொக்கற் மட்டும்தான். வலப்பக்கம் தைச்சது ஒரு வியட்நாம் பிள்ளை. ஒரு முழுச் சட்டை தைக்க எனக்கு இண்டைக்கும் தெரியாது" என்பார். அதைச் சொல்லும்போது வெட்கமோ வருத்தமோ இருக்காது. மொன்றியலில் குளிரில் பொக்கற்றுக்குள் கை விட்டு நடக்கிற எத்தனையோ ஆயிரம் பேரின் இடக்கை தன்னுடைய பொறுப்பு என்பதுபோல் இருக்கும்.

கோலம் தெரிவு செய்வதுதான் அவருடைய வேலை. போர்வையின் மேல்துணியில் துண்டுகள் எப்படி அமைய வேண்டும் என்கிற படத்தை நாங்கள் கோலம் என்றுதான் சொன்னோம். ஒவ்வொருவரும் நூலகப் புத்தகத்தில் இருந்தும் கைத்தொலைபேசியில் இருந்தும் கோலம் கொண்டு வருவோம். நட்சத்திரம் வரும், ரோசாப்பூ வரும், கப்பல் வரும். அவர் தாளைக் கை நீட்டித் தூரமாகப் பிடிப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். போடாமலே பார்ப்பார்.

"எத்தினை துண்டு?"

"நூற்று நாற்பத்து நாலு அக்கா."

"இது போர்வையோ, படமோ?"

அவ்வளவுதான். தாள் திரும்பி வந்துவிடும். அவருக்குப் பிடித்தவை பெரிய துண்டுகள்: அகலமான மூன்று பட்டி, ஒன்பது பெரிய சதுரம், சாம்பல் நிறப் பட்டிகள் முழுவதும் வெறுமையாக இருக்க ஒரு மூலையில் மட்டும் மஞ்சளாய் ஒரு கட்டம். இந்தக் காலத்துக் கோலங்கள் இப்படித்தான் வருகின்றன என்று கர்க்லாண்ட்காரி பின்னாளில் புத்தகம் காட்டிச் சொன்னபோது அக்காவுக்கே ஆச்சரியம். "நான் நாகரிகமான ஆள் எண்டு எனக்கே தெரியாமப் போச்சு" என்றார். நாங்கள் அந்தக் கோலங்களுக்கு எங்கள் பெயர்களை வைத்தோம். மூன்று பட்டிக்கு, ரொட்டி வெட்டினதுபோல் இருந்ததால், பாண்துண்டு. ஒன்பது சதுரத்துக்கு அடுக்குமாடி. மஞ்சள் கட்டத்துக்கு ஜன்னல்.

துணியிலும் அவர் அப்படித்தான். ஈரக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் விடுகிறதா என்று பார்ப்பார். இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார். ஒருமுறை லவால்காரி நல்ல தடித்த பருத்தித் துணி, கடும் மெரூன் நிறம், பத்து யார் நீளம் கொண்டுவந்து பெருமையாக விரித்தார். துணி முழுக்கச் சின்னச் சின்னப் பிள்ளையார்.

அக்கா அதையும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"நல்ல துணி" என்றார் அக்கா. "ஆனா படுக்கிற ஆக்கள் காலை எங்கை வைப்பினம்?"

லவால்காரி துணியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தலையில் கையை வைத்தார். "ஐயோ, பிள்ளையாரே! விலை மலிவெண்டு ஓடிப்போய் வெட்டிவிச்சுப்போட்டன்."

"மேசைக்கு விரியுங்கோ."

"மேசையிலை மீன் சாப்பிடுறனாங்கள் அக்கா!"

அந்தத் துணியை என்ன செய்வதென்று அன்று மட்டுமல்ல, பிறகும் யாருக்கும் தெரியவில்லை. அறையின் அலுமாரியில் மேல்தட்டில், மரியாதையான உயரத்தில், அது இன்றும் இருக்கிறது.

ஒரு கோலத்தை அக்கா ஏற்றுக்கொண்டால் அடுத்த படி ஒன்று உண்டு. அதை முதலில் தைப்பது நான். "முதல் அண்ணை ஒண்டு தைச்சுப் பாக்கட்டும்" என்பார். நான் தைத்து முடித்த பிறகுதான் மற்றவர்கள் தொடங்குவார்கள். இது எழுதப்படாத சட்டம். கோலத்தின் பெயர், தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை ஊசி முறிந்தது என்று எல்லாவற்றையும் கொப்பியில் குறித்துக்கொண்டே தைப்பேன். மூன்று சனிக்கிழமைக்குள் நான் முடித்தால் அந்தக் கோலம் நிற்கும். முடிக்காவிட்டால் அக்கா ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்து வைத்துவிடுவார்.

களஞ்சியத்தில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. இங்கேயும் அப்படியே என்று நினைத்தேன். எட்டுப் பெண்கள், பலர் தொழிற்சாலையில் தைத்தவர்கள். ஆனாலும் முதல் போர்வை என்னுடையது. என் நிதானத்தை அக்கா கண்டுகொண்டார் என்று நம்பினேன். தொலைபேசியில் என் தம்பிக்கும் சொன்னேன். பக்கத்தில் நின்ற என் மனைவி அப்போது எதற்கோ குசினிக்குள் போனார்.

கர்க்லாண்ட்காரி எங்களோடு சேர்ந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. சென்னையில் பிறந்தவர், கணவர் வைத்தியர், வீட்டில் தையலுக்கென்றே ஒரு அறை. அவர் தைத்ததைப் பார்த்தால் கை வைக்கவே பயமாக இருக்கும். நான்கு துண்டுகள் சந்திக்கிற மூலை ஊசிமுனையளவும் விலகாது. என் துண்டுகள் சந்திக்கிற இடத்தில் எப்போதும் ஒரு சிறு விபத்து நடந்திருக்கும். என் பட்டிகள் வலப்பக்கமாக ஒரு விரல் அகலம் சரிந்து இறங்குவது வழக்கம். எவ்வளவு அளந்தாலும் சரியும். அக்கா அதைப் பிரிக்கச் சொல்ல மாட்டார். இரண்டு கையாலும் தையலைப் பிடித்து ஒரு இழுவை இழுப்பார். "விடாது. காணும்" என்பார். தையல் பிரியாது, இவ்வளவு போதும் என்று அர்த்தம்.

அந்த வருடம் செப்டெம்பர் இரண்டாவது சனிக்கிழமை விடுதியின் பொறுப்பாளர் எங்கள் அறைக்கு வந்தார். கெபெக் பெண், ஐம்பது வயதிருக்கும், எங்களுக்காக பிரெஞ்சை மெதுவாகப் பேசுவார். டிசெம்பர் முதல் கிழமையில் குடும்பங்களுக்காக ஒரு புதிய வீடு திறக்கிறார்கள், பதினான்கு கட்டில், எல்லாவற்றுக்கும் போர்வை தர முடியுமா என்று கேட்டார்.

"வீ மடாம். கத்தோர்ஸ்" என்றார் அக்கா, பதினான்கும் தருவோம் என்று, யோசிக்காமல்.

அவர் போனதும் லவால்காரி விரல் விட்டு எண்ணினார். "பன்ரண்டு கிழமை அக்கா. ஏலாட்டி ஒரு பத்தைக் குடுத்துப்போட்டு மிச்சத்தைப் பேந்து குடுப்பமே?"

"பந்தியிலை பத்துப் பேருக்கு வடை வைச்சுப்போட்டு, மிச்ச நாலு பேரையும் பேந்து வாங்கோ எண்டு சொல்லுவியே? பதின்மூண்டு முடிஞ்சாலும் நான் குடுக்கமாட்டன். பதினாலும் முடியவேணும், பதினாலும் ஒரே மாதிரி இருக்கவேணும்."

அடுத்த கிழமை கர்க்லாண்ட்காரி ஒரு பெரிய பையோடு வந்தார். உள்ளேயிருந்து ஒரு மயிலை எடுத்து மேசையில் விரித்தார். கோடை முழுவதும் வீட்டில் இருந்து தைத்த போர்வை. தோகையின் ஒவ்வொரு கண்ணிலும் ஐந்து நிறம். பெண்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். துவைக்கும் இயந்திரத்தில் உடுப்புப் போட வந்த ஒரு ஹெய்ட்டிக்காரரும் கதவில் நின்று பார்த்தார்.

அக்கா நீண்ட நேரம் பார்த்தார். "கடவுளே, என்ன கை உங்களுக்கு" என்றார். அது மனதிலிருந்து வந்தது. பிறகு, "ஆனா பிள்ளை, புது வீட்டுக்கு நாங்கள் ஜன்னல் கோலம் தைப்பம்" என்றார்.

கர்க்லாண்ட்காரியின் முகம் சிவந்தது. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்க அவங்க. அவங்களுக்கு நல்லதா, அழகா ஒண்ணு குடுக்கக் கூடாதா? ஏழைங்கன்னா வெறும் கட்டம் போதும்னு நாம எப்படி முடிவு பண்றது? மயில் வேணாம், சரி. தாமரை போடலாம். நாப்பது துண்டுதான். நான் எல்லாருக்கும் கத்துத் தரேன்."

நியாயமான பேச்சு. அறையில் பலருக்கும் உள்ளூர அந்த எண்ணம் இருந்தது. வருடக்கணக்காகக் கட்டமும் பட்டியும் தைத்து எங்களுக்கு அலுத்திருந்தது. கை தூக்கிப் பார்ப்போம் என்றார் லவால்காரி. தாமரைக்கு ஏழு கை. அவற்றில் ஒன்று என்னுடையது. பரிசோதகனாகிய எனக்கு அதற்கேற்ற கோலம் ஒன்று வரட்டும் என்ற ஆசையும் அதில் இருந்ததை மறைக்க மாட்டேன்.

அக்கா கோபிக்கவில்லை. "சரி. வழமை மாதிரி முதல் அண்ணை தைக்கட்டும்" என்றார்.

நான் மூன்று சனிக்கிழமையும், இடையில் வீட்டில் பல மாலைகளும் அந்தத் தாமரையோடு போராடினேன். கொப்பியில் இருக்கிறது: முறிந்த ஊசி ஆறு, பிரித்துத் தைத்தது பதினொரு தடவை. ஒக்டோபர் நடுச் சனிக்கிழமை மூன்றாவது முறையாக அதை மேசையில் விரித்தேன். பெண்கள் தலையை அங்குமிங்கும் சாய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் லவால்காரி, "அண்ணை, முட்டைக்கோவா நல்லாய் வந்திருக்கு" என்றார்.

வெடித்துச் சிரித்தார்கள். கர்க்லாண்ட்காரியும் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்திருப்பேன். ஆனால் சிரிப்போடு சிரிப்பாக லவால்காரி அடுத்ததையும் சொல்லிவிட்டார்: "இதுக்குத்தானே அக்கா முதல் உங்களிட்டைத் தாறவா. அண்ணை தைச்சா ஊரே தைக்கும்."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவர் நூற்கட்டைப் பெட்டிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

பேருந்தில் வீடு திரும்பும்போது கேட்டேன். "உமக்குத் தெரியுமோ?"

"இஞ்சருங்கோ, எல்லாருக்கும் தெரியும்" என்றார். "நீங்கள் கொப்பியிலை எழுதிக்கொண்டிருந்தீங்கள். ஆர் வந்து சொல்லுறது?"

அதற்கடுத்த இரண்டு சனிக்கிழமையும் நான் போகவில்லை. முழங்கால் நோகிறது என்று சொல்லியனுப்பினேன். அறையில் வேலை நடக்கவில்லை என்று மனைவி வந்து சொன்னார். கோவா வந்த பிறகு தாமரையைத் தொடங்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. கை தூக்கித் தெரிவு செய்ததைக் கைவிடவும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்கா மட்டும் ஒரு மூலையில் இருந்து தனியாக ஜன்னல் கோலத்தில் இரண்டு போர்வை முடித்துவிட்டாராம். இன்னும் பன்னிரண்டு வேண்டும்; ஐந்து கிழமை இருந்தது.

நவம்பர் முதல் ஞாயிறு பின்னேரம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி கண்ணாடி அலுமாரியைத் திறந்து, வீடு குடிபுகுந்த அன்று வாங்கிய பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தார். அக்கா அதைக் கையில் எடுக்கவில்லை.

"இது எப்ப வாங்கினது?"

"இந்த வீட்டுக்கு வரேக்கை" என்றேன். எனக்கு மாதமும் தெரியும்.

"எத்தினை தரம் குடிச்சிருப்பியள்?"

நான் யோசித்தேன். நாங்கள் ஒருபோதும் குடித்ததில்லை.

"எனக்கு நீங்கள் ஒவ்வொரு நாளும் குடிக்கிற கோப்பையிலை தாங்கோ பிள்ளை" என்று என் மனைவியிடம் சொன்னார். அந்தக் கோப்பை வந்த பிறகுதான் கதைக்கத் தொடங்கினார். அவ்வளவு வருடப் பழக்கத்தில் அதுவரை சொல்லாத கதை.

அவர் மொன்றியலில் வந்து இறங்கியது ஒரு மாசி மாதம். ஒரு தேவாலயத்தின் மேல்மாடியில், ஆறு கட்டில் போட்ட ஒரு அறையில் தங்க வைத்தார்களாம். இரண்டாம் நாள் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் வந்து, அவருடைய கட்டிலில் ஒரு போர்வையை விரித்துவிட்டுப் போனார்.

"அண்ணை, வெறும் நட்சத்திரம். நகத்தளவு துண்டுகள், ஆயிரம் இருக்கும். எல்லாம் கைத்தையல். நான் அப்பிடியொண்டைக் கண்ணாலையும் கண்டதில்லை. எனக்கு என்ன விளங்கினதெண்டால், இது ஆரோ பெரிய குடும்பத்துச் சாமான், காட்டுறதுக்குக் கொண்டந்து விரிச்சிருக்கினம், ஊத்தையாக்கினால் என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவினம் எண்டு. மெல்லமா மடிச்சுப் பெட்டிக்கை வைச்சன். மூண்டு கிழமை மேல்கோட்டோடை படுத்தன். பல்லெல்லாம் கிடுகிடெண்டு அடிக்கும். போர்வை கட்டிலுக்குக் கீழை, பெட்டிக்கை."

"பிறகு?"

"வீடு கிடைச்சு வெளிக்கிடேக்கை அந்த மனிசியைத் தேடிப்பிடிச்சு, ஒரு கறையும் இல்லாமல் கையிலை குடுத்தன். மெர்சி எண்டு மட்டும் சொல்லத் தெரியும், அதைச் சொன்னன். அந்த மனிசி மடிப்பைத் தொட்டுப் பாத்தா. நான் போர்க்கேல்லை எண்டு அவவுக்கு விளங்கிட்டுது. அவவின்ரை முகம் போன போக்கு இருக்கே... எனக்குப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சிருப்பா. அவ எனக்கெண்டு தைச்சது அது. பாஷை தெரிஞ்சு போய்ச் சொல்லலாமெண்டு பாத்தால் ஆளில்லை."

என் மனைவி கண்ணைத் துடைத்தார். அக்கா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"எங்கடை சனம் மட்டுமில்லை, எல்லா நாட்டுச் சனமும் அப்பிடித்தான் அண்ணை. நல்லதைக் கண்டால் எடுத்து வைச்சுப்போடும். மயிலைக் குடுத்தால் அதுவும் அலுமாரிக்குத்தான் போகும். கையிலை எடுத்த உடனை போர்க்கவேணும். அதுக்கு ஒரு கோலம் வேணும். நான் தைச்சாலும் சிலநேரம் வடிவாய் வந்திடுது." கொஞ்சம் நிறுத்தினார். "உங்கடை கையாலை வந்த போர்வையை மட்டும் ஒருத்தரும் பெட்டிக்கை வைக்கமாட்டினம்."

நான் அவருடைய வெறும் கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"கேலி பண்ணேல்லை. நீங்கள் தைச்சு முடிக்கிற கோலம் ஆராலும் தைக்கேலும். நீங்கள் தைச்ச போர்வையிலை ஆரும் பயமில்லாமல் படுக்கலாம். அதுதான் முதல் உங்களிட்டைத் தந்தது. சொல்லாமல் விட்டது என்ரை பிழை. நீங்கள் சந்தோசமாய் எழுதிக்கொண்டிருந்தீங்கள், எனக்கு வாய் வரேல்லை."

"ஏன் நீங்கள் இந்தக் கதையை அண்டைக்கு எல்லாருக்கும் சொல்லேல்லை? கை தூக்கியிருக்கவே மாட்டினமே?"

"அந்தப் பிள்ளை மயிலை விரிச்சு வைச்சிருக்கேக்கையோ?" என்றார் அக்கா. "ஒரு மனிசின்ரை முகத்தை நான் அப்பிடிப் பாத்தது காணும்."

அடுத்த சனிக்கிழமை நான் போனேன். அக்காவிடம் கேட்டுக்கொண்டு, அந்தக் கதையை நானே சொன்னேன். சொல்லி முடிந்ததும் கர்க்லாண்ட்காரி எழுந்து போய்த் தாமரைத் தாள்களை எல்லாம் சேர்த்துத் தன் பையில் வைத்தார். பிறகு, "துணி எல்லாத்தையும் என்கிட்ட குடுங்க அக்கா. பன்னெண்டுக்கும் நானே வெட்டித் தரேன். அண்ணனுக்குக்கூட சாயாத மாதிரி வெட்டுறேன்" என்றார். அவர் வெட்டினார், வெட்டிய துண்டுகள் சீட்டுக்கட்டுப்போல் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே பொருந்தி இருந்தன. நாங்கள் தைத்தோம். அவர் அவ்வளவு துல்லியமாக வெட்டியும் என் பட்டி வலப்பக்கம் சரிந்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்து, "இது எப்படி அண்ணா முடியுது?" என்று உண்மையாகவே கேட்டார்.

நான் மூன்று போர்வை முடித்தேன். என் வாழ்நாளில் அதுவே வேகம். டிசெம்பர் முதல் புதன்கிழமை, காலை பத்து மணி, பெரிய பனி கொட்டி ஓய்ந்த மறுநாள், பதினான்கையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனோம். கட்டில்களில் விரித்த பிறகு ஒரு படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அக்கா வாசலைத் தாண்ட விடவில்லை. "ஆக்கள் படுக்கிற இடத்தைப் போய்ப் பாக்கிறதே அண்ணை?" வாசலில் வைத்தே கொடுத்துவிட்டுத் திரும்பினோம். மயில் போர்வையை கர்க்லாண்ட்காரி அந்த வீட்டு வரவேற்பறைச் சுவருக்குக் கொடுத்தார். இன்றும் அங்கே தொங்குகிறது. வருகிற பிள்ளைகள் முதலில் அதைத்தான் பார்ப்பார்களாம். படுப்பது ஜன்னலுக்குக் கீழே.

அக்கா இப்போது மொன்றியலில் இல்லை. மகளோடு மேற்குக் கரைக்குப் போய்விட்டார். அங்கே பனி குறைவு, ஆனால் தையல் ஆட்களைச் சேர்த்துவிட்டார் என்று கேள்வி. அவர் போவதற்கு முந்திய இலையுதிர்காலத்துச் சனிக்கிழமை ஒன்றைச் சொல்லி இதை முடிக்கிறேன்.

நான் பத்து நிமிடம் பிந்திப் போனேன். கதவைத் திறக்கும் முன்னமே அக்காவின் குரல் வெளியே கேட்டது. "அண்ணை வந்திட்டாரோ? அண்ணை, ஓடியாங்கோ! உங்கடை கிழிஞ்சு போச்சு!"

பரிசு விழுந்த வீட்டில்கூட அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. விடுதிப் பொறுப்பாளர் அறையில் நின்றார். மேசையில் ஒரு போர்வை. சாம்பல் நிறம் வெளுத்து, துணி துவைத்துத் துவைத்து மென்மையாகியிருந்தது. நடுவில் ஏதோ பழச்சாறு பட்ட கறை. மஞ்சள் கட்டத்தின் ஓரம் ஒரு கை அகலத்துக்குக் கிழிந்து பஞ்சு வெளியே தெரிந்தது. ஒரு மூலை யாரோ சப்பிச் சப்பி நூல் நூலாகப் போயிருந்தது. பட்டி வலப்பக்கம் ஒரு விரல் அகலம் சரிந்திருந்தது. கையெழுத்து வேண்டியிருக்கவில்லை.

பொறுப்பாளர் சொன்னதை லவால்காரி மொழிபெயர்த்தார். அந்தக் குடும்பத்துக்கு வீடு கிடைத்துவிட்டது, அடுத்த வெள்ளி போகிறார்கள். வீட்டில் வேறு போர்வை எவ்வளவோ இருந்தும் அவர்களுடைய சின்ன மகள் இதைத்தான் படிக்கட்டு, குளியலறை, பிள்ளைகளைப் பகலில் விடும் கார்தெரி என்று எல்லா இடத்துக்கும் இழுத்துக்கொண்டு திரிந்தாளாம். இதில்லாமல் வரமாட்டேன் என்கிறாளாம். தைத்துக் கொடுக்க முடியுமா?

அக்கா அந்தக் கறையை விரலால் தடவிக்கொண்டு நின்றார். கறை இல்லாமல் மடித்துக் கொடுத்த கை அது. அவர் அழவில்லை. கர்க்லாண்ட்காரியின் பக்கம் திரும்பி, "பாத்தியளே பிள்ளை? பாத்தியளே?" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

"நான் தச்சுத் தரட்டுமா அக்கா? கிழிஞ்ச இடமே தெரியாது" என்றார் கர்க்லாண்ட்காரி.

"அண்ணை தைக்கட்டும்."

நான் இருந்து தைத்தேன். ஒட்டுப்போட்ட இடம் நன்றாகவே தெரிந்தது; அதுவும் கொஞ்சம் சரிந்தது. நூலை அறுத்ததும் அக்கா வந்து, தையலை இரண்டு கையாலும் பிடித்து, என் முகத்துக்கு முன்னாலேயே ஒரு இழுவை இழுத்தார்.

"விடாது" என்றார். "காணும்."

அன்றைய திகதியின் கீழ் நான் அந்த இரண்டு சொல்லையும்தான் எழுதியிருக்கிறேன். தொடங்கிய நேரம், முடித்த நேரம், முறிந்த ஊசி எதையும் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி தரும்படி கேட்டேன். ஒன்றில் கைப்பிடி இப்போது உடைந்திருக்கிறது.